இன்னும் அஞ்சு நிமிஷம்தான்

மான்சிக்கின் உயிர் அவருடைய மனைவியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதுகுப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள், சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அலுமினிய டப்பி. அதற்குள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைகள். போன குளிர்காலத்தில் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"இது உங்க பாக்கெட்லதான் இருக்கணும். மேஜை மேல இல்ல, சம்சாரத்தோட பையில இல்ல. உங்க பாக்கெட்ல. நெஞ்சு பிசையுற மாதிரி இருந்தா உடனே ஒண்ணு. உடனேன்னா, உடனே."

மாதக்கணக்கில் அது அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை மட்டும் இடம் மாறிவிட்டது.

மாறியதற்குக் காரணம் ஒரு கழிப்பறை. சொங்வொல் மலையடிவாரத்தில், பஸ் திரும்புகிற இடத்தில், குந்தி உட்காருகிற பழைய மாதிரிக் கழிப்பறை ஒன்று இன்னும் இருக்கிறது. குனிந்தால் சட்டைப் பையில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடும். மான்சிக் செல்போனையும் டப்பியையும் மனைவி கும்ரேயிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது அவள் சோற்றைச் சுருட்டி விற்கிற கிம்பாப் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவரும் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

அவ்வளவுதான். சில சாவுகள் இத்தனை சின்ன வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

"அண்ணி, கணக்குப் பார்த்தீங்களா?" என்றாள் மல்ஜா, கிம்பாப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தபடி. மான்சிக்கின் தங்கை அவள். ஐம்பத்தாறு வயது, கடை வாசல் மணி மாதிரி ஓயாத வாய். "சப்வே ரயில்ல வந்தாச்சு, மூணு சுருள் கிம்பாப், ஒரு பாட்டில் மக்கொல்லி அரிசிக்கள். மூணு பேருக்கு ஒரு நாள் பூரா சந்தோஷம், ஒரே ஒரு கோழி வறுவல் விலையில. இன்னும் ரெண்டு வருஷம் போனா அண்ணனுக்கு அறுபத்தஞ்சு, ரயிலும் இலவசம்."

"அந்த ரெண்டு வருஷம் நான் இருக்கணுமே" என்றார் மான்சிக்.

"வாயைக் கழுவுங்க" என்றாள் கும்ரே.

மலையைத் தேர்ந்தெடுத்தது மல்ஜாதான். சியோலைச் சுற்றி இருக்கிற மலைகளிலேயே சாதுவான மலை. பாலர் பள்ளிக் குழந்தைகள் மஞ்சள் தொப்பி போட்டு வரிசையாக ஏறுவார்கள். நாய்க்குட்டியை மார்பில் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. "இந்த மலையில ஏற முடியலைன்னா வீட்டு மாடியிலயும் ஏற முடியாது" என்பது மல்ஜாவின் தீர்ப்பு. டாக்டரும் சரி என்றிருந்தார்: மெதுவாக, மூச்சு வாங்கினால் நின்று, டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

மான்சிக் புது ஜாக்கெட் போட்டிருந்தார். பளீரென்ற ஆரஞ்சு நிறம். அந்த இலையுதிர்காலத் தள்ளுபடியில் கும்ரே அடித்துப் பிடித்து வாங்கி வந்தது. "எங்க இருந்தாலும் தெரியணும்" என்று சொல்லி வாங்கினாள்.

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முப்பதாவது மாடி உயரத்தில் நின்று சிகரெட் பிடித்தவர். இப்போது மனைவி ஒரு கையைப் பிடிக்க, தங்கை பின்னால் காவல் வர, மரப்படிகளில் கல்யாணப் பெண் மாதிரி ஏறிக்கொண்டிருந்தார். முகத்தில் அந்த எரிச்சல் அப்போதே இருந்தது.

எதிரே இறங்கி வந்த ஒரு பெரியவர் இவர்களைப் பார்த்துச் சிரித்தார். "வந்தாச்சு, வந்தாச்சு! இன்னும் அஞ்சு நிமிஷம்தான்!"

"பாதி மலைகூட ஏறலை" என்று முணுமுணுத்தார் மான்சிக். "நாப்பது வருஷமா எல்லா மலையிலயும் இதே பொய். இறங்குறவன் ஒருத்தனாவது உண்மையைச் சொல்றானா பாரு."

"தெம்புக்குச் சொல்றதுதானே அண்ணே. நீ சொன்னதில்லையா?"

"சொல்லியிருக்கேன். சொல்லாம இருப்பனா? மூச்சு வாங்கிட்டு வர்றவன்கிட்ட, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்டான்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?"

பாதி வழியில், ஓக் மரங்களுக்கு நடுவே, நீள பெஞ்சுகள் போட்ட ஓர் இடம் வரும். அங்கே நான்கு பெண்கள் பாய் விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். மலையில் யார் சாப்பிட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்கும் பங்கு உண்டு. இவர்கள் கையிலும் ஆளுக்கொரு ஆரஞ்சு வந்து விழுந்தது. சுருள் முடிக்காரி ஒருத்தி மக்கொல்லியைப் பித்தளைக் கிண்ணத்தில் நுரைக்க நுரைக்க ஊற்றி மான்சிக்கிடம் நீட்டினாள்.

"ஒரு வாய் குடிங்க அண்ணே. மலை தானா கீழ இறங்கி வரும்."

மான்சிக்கின் கை நீண்டது. கும்ரேயின் கை அதைவிட வேகமாக நீண்டது.

"ஐயோ, அவருக்கு ஊத்தாதீங்க! நெஞ்சுக்குள்ள ரெண்டு ஸ்பிரிங் வச்சிருக்காங்க. ராத்திரியில திடீர்னு மூச்சு நின்னுடுமோன்னு நான் தூங்காம மூக்குல கை வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

நான்கு பெண்களும் ஒரே குரலில் 'அடடா' என்றார்கள்.

"பார்த்தா தெரியவே இல்லையே! பாவம்!"

"மெதுவா உக்காருங்க அண்ணே. இந்தாங்க, மெத்தையைப் போட்டுக்கோங்க."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கடைசியில ஒரு வார்த்தைகூடச் சொல்லாம..."

அந்த நேரம் பார்த்துத்தான் எண்பது வயது மதிக்கத்தக்க கிழவர் ஒருவர் கைகளை வீசிக்கொண்டு, விசில் அடித்தபடி அவர்களைக் கடந்து மேலே போனார். மான்சிக் அவருடைய முதுகைப் பார்த்தார். தன் கையில் திணிக்கப்பட்ட பூப்போட்ட மெத்தையைப் பார்த்தார். எழுந்தார்.

"ஊர் பூரா தண்டோரா போட்டாச்சா? இன்னும் யாராவது பாக்கி இருந்தா மைக் வச்சுச் சொல்லிடு."

"ஏங்க, நான் என்ன தப்பா..."

"நாப்பது வருஷம் கயித்துல தொங்குனவன் நான். இந்த மண்மேட்டுல ஏற எனக்குப் பொம்பளைங்க மெத்தை போடணுமா?"

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். ஆரஞ்சு ஜாக்கெட் மரங்களுக்கு இடையே மினுங்கி, மினுங்கி, மறைந்தது.

கும்ரே எழுந்தாள். மல்ஜா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"விடுங்க அண்ணி. பின்னாடியே ஓடினீங்கன்னா இன்னும் வேகமா ஓடுவாரு. உங்களுக்குத் தெரியாததா? உச்சிக்குப் போய், காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு, 'என்ன, இப்பத்தான் வர்றீங்களா'ன்னு கேட்பாரு."

பாய்க்காரிகள் சிரித்தார்கள். கும்ரேயும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். கீழே இருந்து முகம் சிவக்க ஏறி வந்த ஓர் இளம் ஜோடி பெஞ்சருகே நின்று நாக்கைத் தள்ளியது. கும்ரே அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"வந்தாச்சுப்பா! இன்னும் அஞ்சு நிமிஷம்தான்!"

"அண்ணி, நீங்களே இன்னும் உச்சியைப் பார்க்கலை!" என்று மல்ஜா அவள் தொடையில் அடித்தாள்.

ஆரஞ்சைத் தின்று முடித்தார்கள். தோலைப் பைக்குள் போட்டார்கள். காபி வந்தது, குடித்தார்கள். பாய்க்காரிகளில் ஒருத்தி மருமகளைப் பற்றி ஆரம்பித்திருந்தாள்.

அப்போது கும்ரேயின் முதுகில் செல்போன் அடித்தது.

அவளுடைய செல்போன் அவள் கையில் இருந்தது.

பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். மான்சிக்கின் செல்போன். 'குறைந்த வட்டியில் கடன் வேண்டுமா' என்று ஒரு பெண்குரல் குழைந்தது. கும்ரேக்கு அது காதில் விழவில்லை. செல்போனை எடுத்த விரல்கள் இன்னொரு பொருளின் மேல் பட்டிருந்தன. குளிர்ந்த, வழவழப்பான, சுண்டுவிரல் நீளப் பொருள்.

"மல்ஜா..."

டப்பியைப் பார்த்ததும் மல்ஜாவின் வாய் முதல் முறையாக மூடிக்கொண்டது.

ஓடினார்கள்.

கும்ரேக்கு ஐம்பத்தொன்பது வயது. சந்தையில் ஊறுகாயும் துணைக்கறியும் விற்கிறவள். நின்று நின்று கால் நரம்பு சுருண்டவள். அந்தக் கால்கள்தான் இப்போது இரண்டு இரண்டு படியாகத் தாவின. காய்ந்த ஓக் இலைகள் காலுக்கடியில் வழுக்கின. கையில் டப்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள், பையில் வைத்தால் மறுபடியும் மறந்துவிடுவாளோ என்ற பயத்தில்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றார்கள். மரப் பலகையில் இரண்டு அம்புக்குறிகள். வலது பக்கம் உச்சிக்கு, செங்குத்தான மரப்படிகள். இடது பக்கம் ஊற்றுக்கு, சமதளமான ஒற்றையடிப் பாதை.

"அண்ணி, நான் ஊத்துப் பக்கம் எட்டிப் பார்த்துட்டு வரட்டுமா? தண்ணி குடிக்கப் போயிருந்தாலும் போயிருப்பாரு."

கும்ரே வாயைத் திறப்பதற்குள் மேலே இருந்து தடதடவென்று காலடிச் சத்தம். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் படிகளில் இறங்கி வந்தார். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பிள் மாதிரி கன்னம்.

"ஐயா! ஐயா, ஆரஞ்சு ஜாக்கெட்... அறுபது வயசு இருக்கும்... மேல பார்த்தீங்களா?"

அவர் ஒரு காதிலிருந்து மட்டும் பாட்டை எடுத்தார். இரண்டு பெண்களின் வியர்வை வழியும் முகத்தைப் பார்த்தார். அகலமாகச் சிரித்தார்.

"ஆரஞ்சா? ஆமா ஆமா, இதோ முன்னாடிதான் போறாரு! பிடிச்சிடலாம். வந்தாச்சு அக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம்தான்!"

போய்விட்டார்.

கும்ரேயின் உடம்பில் ஒரு புது ரத்தம் பாய்ந்தது. "மேலதான் இருக்காரு! வா!"

ஊற்றுப் பாதையை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பாதையில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான், மான்சிக் இருந்தார்.

பெஞ்சை விட்டுக் கிளம்பிய வேகம் பிரிகிற இடம் வரைக்கும்தான் தாங்கியது. அங்கே நெஞ்சுக்கு நடுவில் யாரோ மண்டியிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது தாடை வலித்தது. அவருக்குத் தெரிந்த வலி. படிகளைப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்தால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் பார்ப்பான். பின்னாலேயே அந்த நான்கு பெண்களும் மெத்தையோடு வந்து நிற்பார்கள். ஊற்றுப் பக்கம் போனால் இளைப்பாறுகிற கூட்டத்தோடு கூட்டமாக உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

போனார்.

ஊற்றடியில் எப்போதும் போலச் சனிக்கிழமைக் கூட்டம். இரும்புக் கம்பியில் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி இடுப்பில் பெரிய வளையத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மரத்தில் மாட்டிய ரேடியோவில் பழைய பாட்டு. மான்சிக் ஒரு பைன் மரத்தடியில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

காலி.

மற்ற பை. காலி. கால்சட்டைப் பை. ஆரஞ்சுத் தோல் ஒன்று கிடைத்தது.

கழிப்பறை ஞாபகம் வந்தது.

'வருவா' என்று நினைத்தார். 'அவ சும்மா இருக்கமாட்டா. பின்னாடியே வருவா.'

வளையம் சுற்றிய பாட்டி நிறுத்திவிட்டுக் கேட்டாள். "தம்பி, முகம் வெளுத்திருக்கே? ஒண்ணும் இல்லையே?"

அந்த ஒரு கேள்விக்கு அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே நான்கு பெண்கள் பரிதாபப்பட்டுவிட்டார்கள். ஐந்தாவதாக ஒருத்தி வேண்டாம்.

"ஒண்ணும் இல்லம்மா" என்று சிரித்தார். "சும்மா வெயில் காயுறேன்."

தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மேலே, மரப்படிகளில், மல்ஜாவின் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கைப்பிடியில் தொங்கியபடி ஏறினாள். இறங்கி வந்த ஒவ்வொருவரையும் கும்ரே வழிமறித்தாள். இரட்டை ஊன்றுகோல் வைத்திருந்த அம்மாளிடம் கேட்டாள்.

"ஆரஞ்சு ஜாக்கெட்டா? இருக்காரு, இருக்காரு! இதோ அந்தத் திருப்பம்தான்!"

திருப்பத்தில் யாரும் இல்லை. ஐஸ் குச்சி சப்பிக்கொண்டு வந்த ஒரு கல்லூரிக் கூட்டத்திடம் கேட்டாள்.

"நல்லா ஏறுறீங்க ஆன்ட்டி! கொஞ்சம்தான்! அஞ்சே நிமிஷம்!"

நாயோடு வந்தவர் கேள்வியை முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "வந்தாச்சு வந்தாச்சு" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

மல்ஜா நின்றாள். நெஞ்சு ஏறி இறங்க, ஜாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"அண்ணி, போதும். அவசர உதவிக்கு, 119-க்கு போன் பண்ணிடுறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"ஆளைக் காணோம், இதய நோயாளி, மாத்திரை கையில இல்லைன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்லணும்?"

கும்ரே அவள் கையைப் பிடித்தாள். "அவங்க ஹெலிகாப்டரைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. மலையில இருக்கிற அத்தனை ஜனமும் வேடிக்கை பார்க்கும். அங்க போனா அவர் கல்லு மேல உக்காந்து காத்து வாங்கிக்கிட்டு இருப்பாரு. அப்புறம் சாகுற வரைக்கும் என் மூஞ்சியில முழிப்பாரா? காலையில இருந்து ஒரு தடவை மானத்தை வாங்கினது போதாதா?"

"மானமா இப்ப முக்கியம்?"

"முன்னாடிதான் போறாருன்னு இத்தனை பேர் சொல்றாங்களே மல்ஜா! எல்லாரும் பொய்யா சொல்லுவாங்க? அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் பார்ப்போம். இல்லைன்னா நானே பண்றேன்."

மல்ஜாவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. பிறகு செல்போன் பைக்குள் போனது.

அந்த நேரத்தில்தான் கும்ரே கத்தினாள். "அதோ!"

மேலே, படிகளின் கடைசி வளைவில், ஆரஞ்சு நிறம். பளீரென்று. ஊன்றுகோலோடு. மெதுவாக, மூச்சு வாங்கி நின்று, மறுபடியும் ஏறுகிற ஆள். கும்ரே தன் வயதை மறந்தாள். கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து ஏறினாள். பின்னாலிருந்து அந்த ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க! வாயைத் திறங்க! முதல்ல வாயைத் திறங்க!"

திரும்பிய முகம் வேறு முகம். கண்ணாடி போட்ட, மூக்கு பெருத்த முகம். அந்த ஆள் பயந்துபோய் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

கும்ரே ஜாக்கெட்டை விடவில்லை.

"அம்மா... யாரு நீங்க?"

"இந்த ஜாக்கெட்..."

"தள்ளுபடியில வாங்கினது" என்றார் அவர் குழப்பமாக. "எங்க சங்கத்துல மட்டுமே எட்டுப் பேர்கிட்ட இருக்கு."

கும்ரே அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். உச்சி தெரிந்தது. பெயர் செதுக்கிய கல்லோடு படம் எடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் ஓர் ஆரஞ்சு. பாறை மேல் ஓர் ஆரஞ்சு. கொடிக்கம்பத்தடியில் கிம்பாப் தின்கிற ஆரஞ்சு. எங்கே இருந்தாலும் தெரியவேண்டும் என்று வாங்கிய நிறம்.

ஒவ்வொரு முகமாக ஓடிப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் அவர் முகம் இல்லை.

உச்சியில் வருடம் பூராவும் ஐஸ் விற்கிறவர் ஒருவர் உண்டு. தெர்மோகோல் பெட்டியின் மேல் உட்கார்ந்து, படிகளின் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மல்ஜா அவரிடம் போனாள். கும்ரேயின் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இவர் வரலை. காலையில இருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். என்னைத் தாண்டாம இங்க காத்துகூட வராது."

"முன்னாடி போறாருன்னு எல்லாரும் சொன்னாங்களே!" என்று கத்தினாள் கும்ரே. "அஞ்சு நிமிஷம்னு சொன்னாங்களே!"

ஐஸ்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். "அது எல்லாருக்கும் சொல்றதுதானே அக்கா?"

119-க்கு மல்ஜாதான் பேசினாள். இடத்தைக் குறிக்கப் பக்கத்தில் நட்டிருந்த மஞ்சள் கம்பத்தின் எண்ணைக் கேட்டார்கள், சொன்னாள். பெயர், வயது, நோய், சொன்னாள். என்ன நிற உடை என்று கேட்டார்கள். ஆரஞ்சு என்றாள்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"கொஞ்ச நேரம் முன்னாடி இன்னொரு அழைப்பு வந்திருக்கு. கீழ, ஊத்துப் பக்கத்துல. மீட்புப் படை ஆளுங்க ஏறிக்கிட்டிருக்காங்க. நீங்க பதறாம மெதுவா இறங்கி வாங்கம்மா."

அந்த 'மெதுவா'வைக் கேட்டதும் மல்ஜா கும்ரேயின் கையைப் பிடித்துக்கொண்டு படிகளை நோக்கித் திரும்பினாள்.

இறங்கியது கும்ரேக்கு ஞாபகம் இல்லை. ஒரு முறை விழுந்தாள், முழங்கை கிழிந்தது, அதுவும் ஞாபகம் இல்லை. எதிரே ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே அவளைக் கேட்டார்கள்: "அம்மா, இன்னும் ரொம்பத் தூரமா?" அவள் பதில் சொல்லவில்லை. அந்த மலையில் இறங்குகிற ஆள் பதில் சொல்லாமல் போனது அன்றைக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஊற்றடியில் ரேடியோவை யாரோ அணைத்திருந்தார்கள். வளையம் தரையில் கிடந்தது. ஜனங்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் மீட்புப் படை இளைஞர்கள் மூன்று பேர். ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கத்தரித்துத் திறந்திருந்தார்கள். ஒருவன் மான்சிக்கின் மார்பில் இரண்டு கைகளையும் ஊன்றி அமுக்கி அமுக்கி எண்ணிக்கொண்டிருந்தான். நெற்றியிலிருந்து வியர்வை மான்சிக்கின் கழுத்தில் சொட்டியது.

கும்ரே மண்டியிட்டாள். டப்பியைத் திறந்தாள். அவசரத்தில் மாத்திரைகள் இலைச் சருகில் கொட்டின. ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள்.

"வாயைத் திறங்க... ஏங்க... நாக்கைத் தூக்குங்க..."

"அம்மா, வேண்டாம்மா. இப்ப அது வேண்டாம். தள்ளுங்கம்மா" என்றான் இன்னொருவன், ரொம்ப மரியாதையாக.

வட்டத்திலிருந்து ஓர் ஆள் முன்னால் வந்தார். சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். ஆப்பிள் கன்னத்தில் இப்போது நிறமே இல்லை.

"அம்மா... நான்தான் போன் பண்ணினேன். தண்ணி குடிக்க வந்தேன். இவர் மரத்தடியில இருந்தாரு. தூங்குறாருன்னு நினைச்சேன். எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். நான் பக்கத்துலயே நின்னு உடற்பயிற்சிகூடப் பண்ணினேன்... அப்புறம் கிளம்பும்போதுதான் நீங்க கேட்டது ஞாபகம் வந்துச்சு. ஆரஞ்சுன்னு. தொப்பியைத் தூக்கிப் பார்த்தா..."

மல்ஜா அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

"மேல பார்த்தேன்னு சொன்னியே! முன்னாடி போறாருன்னு சொன்னியே! நீ பார்த்தியா? உன் கண்ணால பார்த்தியா?"

"இல்லக்கா..."

"அப்புறம் எதுக்குய்யா சொன்னே?"

"ரெண்டு பேரும் ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க." அவர் அழுதுகொண்டிருந்தார். "தெம்பா இருக்கட்டும்னுதான்..."

யாரும் மல்ஜாவைப் பிடித்து விலக்கவில்லை. அவளாகவே கையை எடுத்தாள். அந்த வட்டத்தில் நின்றவர்கள் எல்லோரும் கீழே பார்த்தார்கள். இரட்டை ஊன்றுகோல் அம்மாள் அங்கே இருந்தாள். நாய்க்காரர் இருந்தார். நாய் மட்டும்தான் தலையை நிமிர்த்தி நின்றது.

மரங்கள் நெருக்கம், ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை என்றார்கள். மான்சிக்கைத் தூக்குப் படுக்கையில் வைத்துக் கட்டினார்கள். கீழே பஸ் திரும்புகிற இடத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறதாம். மூன்று பேரும் மாறி மாறிச் சுமந்தார்கள், மாறி மாறி நெஞ்சை அமுக்கினார்கள். சிவப்புத் தொப்பிக்காரரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

கும்ரே பக்கத்திலேயே ஓடினாள். மான்சிக்கின் கை படுக்கைக்கு வெளியே தொங்கி ஆடியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் ஆரஞ்சுத் தோல் வாசனை இருந்தது.

பெஞ்சுகளைத் தாண்டினார்கள். பாய்க்காரிகள் எழுந்து நின்றார்கள். சுருள் முடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏறி வந்தவர்கள் பாதையின் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். கடைசியில், அவர் பயந்தபடியே, மலையில் இருந்த அத்தனை ஜனமும் அவரைப் பார்த்தது.

முன்பக்கம் சுமந்த இளைஞனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். காதோரம் முகப்பரு. கும்ரே அவன் தோளைத் தொட்டாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. மூச்சு வருதா? நாடி இருக்கா? உண்மையைச் சொல்லுப்பா. இவர் பிழைச்சிடுவாரா?"

இளைஞன் திரும்பி அவளைப் பார்த்தான். வியர்வையில் ஒட்டிய அவள் முடியை, கிழிந்த முழங்கையை, இன்னும் மூடாத டப்பியை. பிறகு சிரிக்கப் பார்த்தான். முகம் பாதி வரைக்கும்தான் சிரித்தது.

"வந்தாச்சும்மா" என்றான். "வந்தாச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம்தான்."

கும்ரே அதற்கு மேல் கேட்கவில்லை. நடந்துகொண்டே, கணவரின் கத்தரித்த ஜாக்கெட்டில் மிச்சம் இருந்த பையைத் தேடினாள். டப்பியை மூடி அதற்குள் வைத்தாள். ஜிப்பை மேலே வரைக்கும் இழுத்து மூடினாள்.